செல்விக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

ஆறு மாதமாக ஒரு வரிகூட இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். இதை முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். இங்கே நாங்கள் நலம். உன் அத்தை இன்னும் சட்னியில் உப்புப் போட மறக்கிறாரா?

அண்ணன் மகள் யாழினி இங்கே பள்ளி விடுதியில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் டம்ளர் நிறைய ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு சோபாவின் மூலையில் உட்கார்ந்து நறநறவென்று கடிப்பாள். பல் போய்விடும் என்று திட்டியதோடு என் கடமை முடிந்தது. போன மாதம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

பலதுறை மருந்தகம் என்று இங்கே சொல்லும் அரசு மருத்துவ நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. அவள் வயதில் 12க்குக் குறையக் கூடாது. மருத்துவர் கேட்டார்: "ஐஸ் கட்டி மெல்வாயா?" இரும்புச்சத்து வற்றிப்போனால் அந்த ஆசை வருமாம். என் சோபாவிலேயே நோய் உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவாக இருக்குமோ என்று அதற்கும் சோதித்தார்கள், இல்லை. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6தான் இருந்தது. 15க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்தது என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விடியற்காலையில் பள்ளிக்கு ஓடுவதால் காலையில் இரண்டு பிஸ்கட்டும் தேநீரும். கறி, மீன் தொடமாட்டாள். விடுதியில் சைவம் என்றால் முட்டைக்கோஸும் வெள்ளைச் சோறும். இரவுச் சாப்பாட்டோடும் தேநீர். அது இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. எல்லாவற்றையும்விடப் பெரியது, மாதவிலக்கு எட்டு நாள் நீடித்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றியிருக்கிறாள். எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்தாளாம். வீடாக இருந்தால் அம்மா குப்பைக்கூடையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். விடுதியில் யார் பார்ப்பது? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன், காப்பாளர் அம்மா. நம் இந்தியாவில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. உன் விடுதியில் எத்தனை பேர் என்று நீயே எண்ணிக்கொள். வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, உன் பிள்ளைகளுக்கு வருகிறதுதானே? அது ஜன்னல் வழியாகப் போகிறதா, வயிற்றுக்குள் போகிறதா என்று பார். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் யாழினியே முதல் வாரம் மாத்திரையை ஒளித்து வைத்தாள். சாப்பிட்டபின் கொடு, கூடவே ஒரு நெல்லிக்காய், தேநீர் வேண்டாம். பூச்சி மாத்திரையையும் விட்டுவிடாதே. முக்கியமாக, ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று கேள். கூட்டத்தில் கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.

நேற்று தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தேன். யாழினியும் கூட உட்கார்ந்து உருவினாள். ஐஸ் கேட்கவில்லை. அப்போது பார்வதி ஞாபகம் வந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் எத்தனை முறை விழுந்தாள்! வெயில் என்றார்கள், நாமும் வெயில் என்றே நம்பினோம். அவளும் சுண்ணாம்புக் கட்டி தின்பாளே, நினைவிருக்கிறதா?

அவள் எண் உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு.

உன்,
மீனா