நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

நகரக் கலைக் கல்லூரிகளின் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்.

பவானியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் டிராயிங் டீச்சர். அப்பா ஜமக்காளம் நெய்தவர். என்னிடம் படித்த பெண் ஒருத்தி பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) முடித்துவிட்டு எம்.எஃப்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். "ஊட்டுத் தறியில நெய்ஞ்சத போர்ட்ஃபோலியோல வெக்கலாமுங்களா டீச்சர்?" என்று, நேர்காணலில் காட்டும் படைப்புத் தொகுப்பைப் பற்றிக் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நேர்காணலுக்குப் போனவள்தான். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். கேன்வாஸ்களோடு, அப்பாவும் நானும் நெய்த ஜமக்காளம் ஒன்றையும் சுருட்டிக் கொண்டுபோனேன். அகல ஜமக்காளத்துக்குத் தறிக்குழியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் விடும் நாடாவை, அதாவது ஊடு நூல் ஓட்டும் கட்டையை, மற்றவர் வாங்கித் திருப்ப வேண்டும். அப்பா பக்கத்துக் கரை நூல் பிடித்தாற்போல் ஓடும். என் பக்கத்துக் கரை நெளியும், நான் சோர்ந்த இடத்தில் இன்னும் நெளியும். அந்த நெளிவைக் காட்டத்தான் போனேன். பேராசிரியர் சுருளை விரல்நுனியால் தொட்டார். "இது கிராஃப்ட்மா. உன் வொர்க் எங்கே?" பிறகு கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன, நான் திணறினேன். இடம் கிடைக்கவில்லை. என் கேன்வாஸ்களும் சுமார்தான், அதை மறைக்கவில்லை.

வாசலில் அப்பா, "விரிச்சுப் பாத்தாங்களா கண்ணு?" என்றார். "பாத்தாங்கப்பா" என்றேன். சணலில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான், இட ஒதுக்கீடு எங்களை உள்ளே கொண்டுவந்தது. ஆனால் முதுகலைக்கு வரும்போது, வீட்டில் கற்ற கைவேலையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். டெக்ஸ்டைல் டிசைன் துறை இருக்கிறதே என்பீர்கள். அவளுக்குத் துணி வடிவமைக்க வேண்டாம். ஓவியத் துறையில் உட்கார்ந்து நெசவால் பேச வேண்டும்.

சென்னை அரசு நுண்கலைக் கல்லூரியின் கதை உங்களுக்கே தெரியும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது, வெகுகாலம் பெயரிலேயே கைத்தொழிலைச் சுமந்த பள்ளி. அதன் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்ததும் அங்கேதான். (பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் காத்திருந்த நம் பாட்டிமார் அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள்.) மெரினாவில் உழைப்பாளர் சிலை வைத்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடமும் அதுவே. அந்தச் சிலைக்குக் கல்லூரிக் காவலாளியே மாதிரியாக நின்றார் என்பார்கள். கைவேலைக்காரரைச் சிலையாக வடிக்கலாம், அவர் பிள்ளை கைவேலையோடு வந்தால் ஆகாதா?

அரசு நுண்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கின்றன. எங்கள் பக்கம், கோவையை ஒட்டிய மாலுமிச்சம்பட்டியில் இருப்பது இசைக் கல்லூரி. ஆகவே நேர்காணலை ஒரு நாளாவது கோவையில் வையுங்கள். சட்டமிட்ட படங்களைச் சேரன் எக்ஸ்பிரஸில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பது பெரும்பாடு. கேள்வியைத் தமிழில் கேளுங்கள். தறியில் நெய்ததும் பட்டறையில் அடித்ததும் போர்ட்ஃபோலியோவில் சேரும் என்று விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள்.

அவளை நெய்ததையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். ஆறடி அகலம், மேசை போதாது. தரையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
பவானி டிராயிங் டீச்சர்