மரத்தரைக்கான உத்தரவாதத்தை மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னைக் கிளை.

பொருள்: நீங்கள் போட்டுக்கொடுத்த என்ஜினியர்டு ஓக் மரத்தரை முதல் மழைக்காலத்திலேயே கெட்டுப்போனதும், உத்தரவாதம் மறுக்கப்பட்டதும்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் 2024 ஜூன் மாதம் உங்கள் நிறுவனம் என்ஜினியர்டு ஓக் மரத்தரை, அதாவது பிளை அடுக்குகளின் மேல் மெல்லிய ஓக் மரத்தோல் ஒட்டிய பலகைத் தரை, போட்டுக்கொடுத்தது. பலகையும் உங்களுடையது, ஆட்களும் உங்கள் ஆட்கள், பில்லும் ஒன்றுதான். அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் தரை கெட்டுவிட்டது. சரிசெய்து தரும்படி கேட்டதற்கு, "வீட்டுக்குள் ஈரப்பதத்தை 35 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருக்க வாடிக்கையாளர் தவறிவிட்டார்" என்று மின்னஞ்சல் அனுப்பிக் கோரிக்கையை முடித்துவிட்டீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. உங்கள் தொழில்நுட்பப் பிரிவும் படிக்க வேண்டும் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தரையின் இன்றைய நிலை. அக்டோபர் நடுவில் மழை பிடித்தபோது ஹாலில் நடந்தால் பலகைக்கு அடியில் 'டொக் டொக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. நவம்பரில் ஒவ்வொரு பலகையும் முறம் போல இரு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்துவிட்டது. குறுக்கே கையை ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பும் விரலில் இடறுகிறது. மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த வாரத்தில் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வாசலில் தரை மேலெழும்பி, கதவு பாதியில் நின்றுவிட்டது. சமையலறைப் பக்கம் இரண்டு பலகைகளில் மேலே இருக்கும் ஓக் மரத்தோல் கீழடுக்கை விட்டுப் பிரிந்து வந்திருக்கிறது. எங்கள் வீடு முதல் மாடி. மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. கூரையிலும் குழாயிலும் கசிவு கிடையாது. இதை உங்கள் ஆளே வந்து பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதில் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை என் மாமியார். எழுபது வயதைத் தாண்டியவர். பழைய வழுவழு டைல்ஸில் ஒருமுறை வழுக்கி விழுந்து, இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அவருக்காகத்தான் டைல்ஸை எடுத்துவிட்டு மரம் போட்டோம். ஷோரூமில் உங்கள் விற்பனையாளரிடம் இதைச் சொல்லியே வாங்கினோம். இன்றைக்கு அந்த வாக்கரின் கால் பலகை ஓரத்தில் மாட்டுகிறது. வாசல் மேட்டைத் தாண்ட ஒவ்வொரு முறையும் ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய ஊர். சன்னல் திறந்திருக்கும் எந்த வீட்டிலும் இங்கே ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலைத் துறை காலையும் மாலையும் ஈரப்பதத்தைப் பதிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காலை அளவு பல நாள் 80ஐத் தாண்டி நிற்பதை அதில் யாரும் பார்க்கலாம். நீங்கள் கேட்கும் அளவில் வீட்டை வைத்திருக்க வேண்டுமானால் ஹால் உட்பட எல்லா அறைகளிலும் ஏ.சி. அல்லது ஈரமுறிஞ்சும் இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டும், சன்னல்களை மூடியே வைக்க வேண்டும். சென்னையில் கடையைத் திறந்து, சென்னை வீட்டை நேரில் அளந்து, சென்னை விலை சொல்லி விற்ற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் விலைப்பட்டியலில் இந்த நிபந்தனை இல்லை. அளவெடுக்க வந்தவர் சொல்லவில்லை. முன்பணம் வாங்கும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்து மீதிப் பணமும் கைமாறிய பிறகு தந்த கையேட்டில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு தரையைத் தேர்ந்தெடுத்திருப்போம். அதனால்தான் சொல்லவில்லையோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

ஈரம் மரத்தை என்ன செய்யும் என்பது உங்கள் தொழிலின் பாலபாடம். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதமானால் மரம் உறிஞ்சிக்கொண்டே போய் 16ஐ நெருங்கும். உறிஞ்சிய மரம் நீளவாக்கில் அதிகம் விரியாது, அகலவாக்கில்தான் விரியும். என்ஜினியர்டு பலகையில் பிளை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதே அந்த விரிவை அடக்கத்தான், அதனால்தான் முழுமரத்தைவிட ஈர ஊருக்கு இது ஏற்றது என்று உங்கள் விற்பனையாளர் எங்களிடம் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் விரிவு குறையுமே தவிர, இல்லாமல் போகாது. அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலே 6 மீட்டர் ஹாலில் அது 6 மில்லிமீட்டர். அதற்காகத்தான் சுவரோரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைப்பதும், அறை மாறும் வாசலில் தரையைத் துண்டித்து இணைப்புப் பட்டை வைப்பதும். மரம் அசையும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு இடம் கொடுப்பதுதான் இந்த வேலையின் முக்கியப் பகுதி.

எங்கள் வீட்டில் அந்த இடம் கொடுக்கப்படவில்லை. கதவு மாட்டிக்கொண்ட பிறகு, எங்களுக்குத் தெரிந்த ஆசாரியை வரவழைத்து ஹாலின் கிழக்குச் சுவரிலும் வாசல் நிலையோரத்திலும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்தோம். பலகை சுவரில் முட்டிக்கொண்டு இருக்கிறது, ஒரு விசிட்டிங் கார்டுகூட நடுவில் நுழையவில்லை. வாசலில் இணைப்புப் பட்டை இல்லை. ஹாலில் தொடங்கிய பலகை வரிசை நிலையைத் தாண்டி அப்படியே படுக்கையறைக்குள் ஓடுகிறது. விரிந்த மரம் போக இடமில்லாமல் அந்த வாசலிலேயே எழும்பியிருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமானது பலகைக்கு அடியில் தெரிந்தது. பழைய டைல்ஸைப் பெயர்த்த பிறகு 50 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிதாக சிமென்ட் தளம் போட்டோம். நல்ல காற்றோட்டமும் வறட்சியும் உள்ள இடத்திலேயே மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது குறைந்தபட்சக் காய்ச்சல் கணக்கு. அப்படிப் பார்த்தாலே 50 நாள் வேண்டும், கடலோரத்தில் இன்னும் கூடுதலாகத்தான் ஆகும். உங்கள் ஆட்கள் மூன்றாவது வாரமே வந்து பலகையை விரித்தார்கள். "கொஞ்சம் காயட்டுமே" என்று என் கணவர் கேட்டபோது, "மேலே நல்லா காஞ்சிருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். சிமென்ட் தளம் மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடு சோதனை இருக்கிறது, தளத்தில் துளை போட்டு உள் ஈரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. இவற்றில் எதையுமே உங்கள் ஆட்கள் செய்யவில்லை. செய்ததாக உங்கள் கோப்பில் இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள்.

விலைப்பட்டியலில் 'ஈரத்தடுப்புப் படலம்' என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். ஆசாரி பலகையைத் தூக்கிக் காட்டியபோது அடியில் வெறும் வெள்ளை ஃபோம் மட்டும்தான் இருந்தது. பாலித்தீன் படலம் இல்லை. ஃபோம் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் இல்லை, இணைப்பில் டேப்பும் ஒட்டவில்லை. தளத்தில் மிச்சமிருந்த ஈரம் நேராகப் பலகையின் அடிப்பக்கத்துக்குப் போயிருக்கிறது. ஓரம் தூக்கி நடு குழிவது எதன் அடையாளம் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்தால்தான் பலகை அப்படி வளையும்.

இன்னொரு சான்றும் உண்டு. மாமியார் அறையில் ஏ.சி. பெரும்பாலான நேரம் ஓடுகிறது. அங்கே வைத்திருக்கும் ஈரப்பதமானி 50க்கும் 55க்கும் இடையில்தான் காட்டுகிறது. நீங்கள் சொன்ன வரம்புக்குள் இருக்கும் அந்த அறையிலும் பலகைகள் ஹாலில் இருப்பது போலவே வளைந்திருக்கின்றன. காற்றுதான் காரணம் என்றால் இது எப்படி நடந்தது? இந்தக் கேள்வியை முன்பே மின்னஞ்சலில் கேட்டேன், பதில் வரவில்லை.

ஈரத்துணியால் துடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று உங்கள் பதிலின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மரத்தரையில் வாளித் தண்ணீர் வைப்பதில்லை. ஃபினாயில் இல்லை, ஆவி மாப் இல்லை. மைக்ரோஃபைபர் துணியை ஒட்டப் பிழிந்து துடைப்பதோடு சரி. உங்களிடம் வாங்கிய கிளீனரின் பாட்டில் இன்னும் இருக்கிறது. துடைப்பம் எட்டாத கட்டிலடியிலும், அலமாரிக்குப் பின்னாலும் பலகை இதே அளவு வளைந்திருக்கிறது. துடைத்ததால் வந்த ஈரம் அங்கே போயிருக்க முடியாது.

"மரத்தின் இயற்கைக் குணம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மரம் இந்த ஊருக்குப் புதிதில்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் தேக்கு உத்திரங்கள் கடற்காற்றில் தலைமுறைகளாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் காற்று ஓட இடம் விட்டுக் கட்டினார்கள். பழி மரத்தின் மேல் இல்லை, போட்ட விதத்தின் மேல்தான் இருக்கிறது.

சமரசமாக நீங்கள் சொன்ன யோசனை, தரையை இழைத்துச் சமப்படுத்தி மறுபடி பாலிஷ் போட்டுத் தருவது. இதை நான் மறுக்கிறேன். அடியில் ஈரம் இருக்கும்போதே தூக்கிய ஓரங்களை இழைத்துவிட்டால், பிறகு காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அது தவிர, இந்தப் பலகையில் ஓக் மரம் மேலே 3 மில்லிமீட்டர்தான். ஓரங்களில் அதில் பெரும்பகுதியை இழைப்பு இயந்திரம் தின்றுவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் செய்யும் எந்த வேலையும் அடுத்த அக்டோபரில் எங்களை இதே இடத்தில் கொண்டுவந்து விடும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். தரை முழுவதையும் உங்கள் செலவில் எடுத்துவிடுங்கள். தளத்தின் ஈரத்தை என் முன்னிலையில் சோதித்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். தளம் காய்ந்ததாக உறுதியான பிறகு, பாலித்தீன் படலம் விரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏற்றி டேப் ஒட்டி, சுவரோர இடைவெளியும் வாசல் பட்டையும் வைத்துப் புதுப் பலகை போட்டுத் தாருங்கள். பெட்டிகள் வந்த மறுநாளே போன முறை வேலை தொடங்கிவிட்டது. இந்த முறை தயாரிப்பாளர் சொல்லும் காலம்வரை பலகை எங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். பிளை அடுக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தில் கொதிநீர் தாங்கும் பசையால் ஒட்டியது என்று விலைப்பட்டியலில் இருக்கிறது, மரத்தோல் பிரிந்த பலகைகளைப் பார்த்த பிறகு அதற்கான சான்றிதழும் எனக்கு வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாது என்றால் பொருள், கூலி, படலம் உட்பட வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். எது எப்படியானாலும் வாசலில் எழும்பியிருக்கும் பகுதியை மட்டும் இந்த வாரமே ஆள் அனுப்பி எடுத்துவிடுங்கள். மாமியார் அந்த வழியாகத்தான் கழிவறைக்குப் போக வேண்டும்.

உங்கள் கடையில் இன்று இதே பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். ஈரப்பத நிபந்தனையை முன்பணம் வாங்கும் முன்பே, விலைப்பட்டியலிலேயே, தமிழில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11)இன்படி, வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். கவனக்குறைவான வேலையால் இழப்பு ஏற்படுத்துவதும் அதே பிரிவில் வருகிறது. குறைபாடு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம், நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். அங்கே தரைக்கான தொகையோடு இழப்பீடும் செலவுத்தொகையும் சேர்த்துக் கேட்பேன். கழற்றிய ஃபோம் துண்டையும் பிரிந்த பலகைகளையும் அதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எந்த நாளில் வந்தாலும் பார்க்கலாம், முதல்நாள் போனில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர்.

இணைப்பு: பில், விலைப்பட்டியல், உங்கள் ஆள் கையெழுத்திட்ட பார்வைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள், தரை, சுவரோரம், அடிப்பகுதிப் படங்கள், படுக்கையறை ஈரப்பதமானி அளவுகள்.