ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

அன்புள்ள குண்டூசி,

உன் இரண்டு கடிதங்களும் ஐந்து மாதமாக என் மேசையிலேயே கிடக்கின்றன. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் இன்னும் அதே பிடிவாதம்தான்.

என் சி.ஓ.பி.டி. உனக்குத் தெரிந்ததுதானே, மூச்சுக்குழாய் சுருங்கிப்போன அந்த நாள்பட்ட நுரையீரல் நோய். போன மாதம் கோழிக்கூட்டைப் பெருக்கப் போனேன். உமியும் எச்சமும் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தன. துடைப்பத்தை இரண்டு இழுப்பு இழுத்ததுமே மூச்சு அடைத்துக்கொண்டது. இன்ஹேலர் வீட்டுக்குள். கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செவலைக் கோழி என் செருப்பைக் கொத்திக்கொண்டு நின்றது. பேத்தி தற்செயலாக வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

மருத்துவர் கேட்டார், "வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா?" இல்லை என்று சொல்லிவிட்டேன் டி. கோழிகளை விட்டுவிடச் சொல்வாரோ என்று பயம். இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இது தெரியாமல் மருந்தைத்தான் மாற்றிக்கொண்டே இருந்திருப்பேன்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரலுக்கு எந்தத் தூசியும் ஆகாது, போனவுடனே மூச்சு இரைக்கும். இன்னொரு நோய் இருக்கிறது. பறவை எச்சத்திலும் இறகுப் பொடியிலும் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமல் நுரையீரலில் அழற்சி வருகிறது. அது உடனே தெரியாது. 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. ஓரிரு நாளில் சரியாகிவிடுவதால் பறவைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. வருஷக்கணக்கில் போனால் நுரையீரலில் தழும்பு விழும்; தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. அந்த நோய் என்றால் முகமூடியை நம்பிக் காலம் தள்ள முடியாது, பறவையை விட்டே ஆகவேண்டும்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாதாம். நன்றாக இருக்கிற வளர்ப்பவர்களிடமும் அது இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொன்னார், எனக்கு அந்த நோய் இல்லை என்று. வாசலிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது கூட்டைச் சுத்தம் செய்வது பேத்தி. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுகிறாள், பெருக்குவதே இல்லை. அவள் முடித்து நல்ல நேரம் ஆகும்வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை. பூசணம் பிடித்த உமியை உடனே தூக்கிப் போட்டுவிடுகிறோம், அந்தப் பூஞ்சை என் மாதிரி ஆட்களுக்குக் கெடுதல். தீவனத்தைப் பிசறித்தான் வைக்கிறோம். எனக்கு என்-95 முகமூடி உண்டு, ஆனால் அதைப் போட்டால் மூச்சு விடுவது இன்னும் சிரமம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம்தான் போடுகிறேன். அதுவும் தூசியைத்தான் தடுக்கும், அம்மோனியா நெடியைத் தடுக்காது. நெடி அடித்தால் கூட்டில் ஈரம் கூடிவிட்டது, காற்று போதவில்லை என்று அர்த்தம். கூட்டுக்கு என்று தனிச் செருப்பு, தனித் துணி. வீட்டுக்குள் பல்பு போட்டுக் குஞ்சு வளர்த்த காலம் முடிந்தது. குஞ்சுகள் உதிர்க்கும் பொடி கொஞ்சமா நஞ்சமா! கோழிகள் மண்ணில் புரண்டு குளிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேனே, அதைத்தான் விட மனசே வரவில்லை. இப்போது ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன்.

மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். கை நடுங்கிவிட்டது. ஓட்டத்தில் என்னை ஒருநாளும் ஜெயிக்க விடாதவள் நீ, மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஞாயிறு ராத்திரி உடம்பு அனலாகச் சுடுகிறது, குளிருகிறது, செவ்வாய்க்குள் சரியாகிவிடுகிறது, வயசாகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். புறாக்கூட்டை நீ என்றைக்கு டி சுத்தம் செய்கிறாய்? ஞாயிறு மத்தியானம்தானே?

அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியது மருத்துவர். ஆனால் அவரிடம் புறாவைப் பற்றிச் சொன்னாயா? நான் சொன்ன பொய்யை நீயும் சொல்லாதே. இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் போய்ப் பார், எந்தக் கிழமை என்ன செய்கிறாய் என்பதுவரை சொல். அதுவரை கூட்டுப் பக்கம் போகாதே. வீட்டுக்காரர் நனைத்து அள்ளட்டும், துணி மாற்றிவிட்டு உள்ளே வரட்டும். கட்டிலில் அந்த இறகுத் தலையணை இன்னும் இருந்தால் அதையும் எடுத்துவிடு.

ஒரு வரியாவது உடனே எழுது.

உன்,
வாயாடி