பெட்ரோல் பங்கில் அந்த ஒரு எண்ணை எழுதி வையுங்கள்

மத்திய பெட்ரோலிய, இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கும், நாடு முழுக்கப் பெட்ரோல் விற்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

இது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலை எதிர்த்து எழுதும் மடல் இல்லை. கரும்பு, மக்காச்சோளம் விளைவிக்கிறவருக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் என்று நீங்கள் சொல்லும் காரணங்களோடு எனக்குச் சண்டை கிடையாது. நான் முக்கியமாகக் கேட்பது ஒரு எண். பங்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம் என்று பம்பின் மேலும் பில்லிலும் அச்சடித்துத் தாருங்கள்.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய வாதமெல்லாம் மைலேஜ் குறைகிறது, ரப்பர் ஹோஸ் ஊறுகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. மிக்சர், அதாவது இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இன்றைய கார்களுக்கு அது பெரிய கவலையும் இல்லை. சைலன்சர் குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். ஆனால் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றாலே சென்சார் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் நிறுவனமான பாஷின் கே-ஜெட்ரானிக், எல்-ஜெட்ரானிக் என்ற இரண்டு அமைப்புகளும் எழுபதுகளில் வந்தவை. மெர்சிடிஸ் 230 இ, 280 இ, வால்வோ 240, பழைய பிஎம்டபிள்யூ என்று அந்தக் காலத்தில் இறக்குமதியானவை கோவையிலும் சென்னையிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் சென்சார் கிடையாது. மனிதன் வைத்த மிக்சர்தான் கடைசி வரை. எண்ணிக்கையில், இந்தப் பழைய வண்டிக்காரர்களான நாங்கள் உங்கள் கணக்கிலேயே வரமாட்டோம் என்பது தெரியும். சொல்வதைச் சொல்லிவிடுகிறேன்.

கே-ஜெட்ரானிக்கில் கம்ப்யூட்டரே இல்லை. காற்று போகும் வழியில் ஒரு வட்டத் தட்டு. போகும் காற்றுக்குத் தக்கபடி அது நகரும். தட்டோடு சேர்ந்த நெம்புகோல் பிளஞ்சர் என்ற சிறு தண்டைத் தூக்கிவிடும், அந்த அளவுக்குப் பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்குப் போகும். தட்டுக்கும், பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே, விரல் நுழையாத ஒரு துளைக்குள் மிக்சர் ஸ்க்ரூ. நீளமான 3 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் ரிச் (பெட்ரோல் கூடும்), இடப்பக்கம் லீன் (பெட்ரோல் குறையும்). கால் சுற்று என்பதே அதற்கு அதிகம். கடிகார முள் ஒரு நிமிடத்துக்கு நகர்கிற அளவுதான் திருப்ப வேண்டும். கீயை உள்ளே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் நெம்புகோல் கீயில் மோதி வளைந்துவிடும். அதனால் திருப்பு, கீயை எடு, துளையை மூடு, ஒரு தடவை ரெய்ஸ் கொடு, புகை மீட்டர் நிலைக்கும் வரை பொறு. அப்புறம் மறுபடி. இதற்கு முன்னால் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், எங்கும் காற்று ஒழுகக் கூடாது. ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் ஏற்கெனவே எங்கேயோ ஒழுகுகிறது. ஸ்க்ரூவைத் தொடுவதில் அர்த்தமில்லை.

இத்தனை பாடும் எதற்கு? எடையில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கணக்கில் எரிய வைக்கத்தான். அது எத்தனால் இல்லாத பெட்ரோலின் கணக்கு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், இ10-க்கு அது 14.1 அளவுக்கு வரும், இ20-க்கு 13.5 பக்கம் இறங்கும். அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு டியூன் செய்த வண்டியில் இ20 போட்டால், யாரும் எதையும் தொடாமலே மிக்சர் 7, 8 சதவீதம் லீன் ஆகிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கிளட்ச் விடும்போது வண்டி இடிக்கும், ஏற்றத்தில் பிக்கப் இருக்காது. ஊட்டி மலையேறும் வண்டியில் லீன் மிக்சர் என்றால் எக்ஸாஸ்ட் வால்வுக்கு என்ன ஆகும் என்று உங்கள் பொறியாளர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. புகைப் பரிசோதனையில் பாரத் ஸ்டேஜ் 2 (பிஎஸ்-2) என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரை அனுமதி. லீனாக ஓடும் வண்டியில் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சான்றிதழைப் பார்த்தால் வண்டி தங்கமானது என்று தோன்றும். உரிமையாளர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

சரி, திரும்ப ட்யூன் செய்துவிட்டால் போயிற்று என்பீர்கள். செய்யலாம், செய்கிறோம். எல்-ஜெட்ரானிக் வண்டியில் பைபாஸ் ஸ்க்ரூ ஐடிலிங்கை மட்டும்தான் சரிசெய்யும். மற்ற வேகங்களுக்கும் வேண்டுமென்றால் காற்று மீட்டருக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 2.5 பார் இருக்கும் இடத்தில் 2.9 வைத்தால் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகும். கே-ஜெட்ரானிக்கில் ஸ்க்ரூவோடு, பிளஞ்சரை மேலிருந்து அமுக்கும் கண்ட்ரோல் பிரஷரையும் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. ஆனால் எந்த எண்ணுக்கு வைப்பது? 20-க்கு வைத்த வண்டியில் 10 ஊற்றினால் ரிச் ஆகிறது, 10-க்கு வைத்ததில் 20 ஊற்றினால் லீன் ஆகிறது. பங்கில் கேட்டால் "சாதா பெட்ரோல்தான் சார்" என்பார்கள். அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும், பாவம்?

அதனால் பட்டறையில் நாங்களே அளக்கிறோம். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100-ஆவது கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் 10 மில்லியாக இருந்த தண்ணீர் 28 அளவுக்கு ஏறியிருந்தால் அது இ20. 19 என்றால் இ10. ஒரு நாட்டின் எரிபொருள் விவரத்தை இப்படி ஜாடி குலுக்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எத்தனால் என்றாலே பிரேசிலைக் காட்டுவீர்கள். அங்கே 27 சதவீதம் இருந்ததை 2025 ஆகஸ்டில் 30 ஆக்கியபோது நாள் குறித்து அறிவித்துவிட்டுத்தான் மாற்றினார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலை இ10 ஆக்கினார்கள். கூடவே சூப்பர் ரகத்தில் இ5-ஐப் பழைய வண்டிகளுக்காக விட்டுவைத்தார்கள். பம்பில் வட்ட முத்திரைக்குள் எண் போட்டிருக்கும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ஏற்ப டியூன் செய்த கார்களுக்கு இ20-இல் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றது. அது உங்கள் ஆவணம்தான்.

எங்கள் கோரிக்கை இதுதான். முதலில், ஒவ்வொரு பம்பிலும் பில்லிலும் எத்தனால் சதவீதம். "20 வரை" என்று வேண்டாம். இன்று பங்கின் டேங்கில் இருப்பது எவ்வளவு என்று. அடுத்து, மாவட்டத் தலைநகரில் ஒரு பங்கிலாவது இ10. கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கிக்கொள்கிறோம். இரண்டாவது முடியாது என்றால் முதலாவதையாவது செய்யுங்கள், ஒரு ஸ்டிக்கர்தான். மிக்சரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோவையில் பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு டியூனிங் செய்யும் ஒருவன்