எங்கள் சாலையின் அடிமண்ணைச் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து உறுதிப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள், சாலைப் பிரிவு

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வாய்க்கால் பாலம் தாண்டி எங்கள் குடியிருப்புக்குள் இறங்கும் சாலை தாங்கள் அறியாததல்ல. சென்ற மழையில் தங்கள் ஜீப் அங்கே புதைந்தபோது எங்கள் பிள்ளைகள்தான் தள்ளிவிட்டார்கள். மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. அடியில் இருப்பது கரிசல் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இதன் மேல் மூன்று தடவை ஜல்லி கொட்டினார்கள். அத்தனையையும் களி உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரு முழம் தோண்டினால் தாங்களே பார்க்கலாம்.

2. என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மழை பெய்தால் ஆட்டோ பாலத்தோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் தூக்கிப் போகிறோம். கணுக்கால்வரை கால் இறங்கும், செருப்பு களியோடு போய்விடும். போன வாரம் தம்பிக்கு வழுக்கி நாற்காலி சாய்ந்தது. ஊசி ஏற்றும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "விடுடா, வீட்டுக்கே போயிடலாம்" என்றார். போய்விட முடியுமா ஐயா? ஒரு தடவை தவறினாலே கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது. திரும்பி வரும்போது அவருக்குத் தலை நிற்காது. அப்போதும் அதே நாற்காலி, அதே களி. நிதி இல்லை என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். மூன்று தடவை ஜல்லியைப் புதைக்க மட்டும் நிதி எங்கிருந்து வந்தது?

3. களியைக் கிளறி, சுண்ணாம்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்து, அளவான ஈரத்தில் ரோலர் விட்டு இறுக்கலாம். சுண்ணாம்பு களியின் பிசுபிசுப்பையும் உப்பலையும் அடக்கும். சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்ட் போல நாளாக ஆக இறுகும். சுண்ணாம்புச் சத்து குறைந்த சாம்பலைத் தனியாகக் கொட்டினால் பிடிக்காது. அப்படிச் செய்து கணக்கு முடித்துவிட வேண்டாம். இரும்பு உலைக் கசடை அரைத்த தூளும் சுண்ணாம்போடு சேர்ந்தால் உதவும். எஃகு ஆலைக் கசடு என்றால் வெளியில் மழையிலும் வெயிலிலும் நாள்படக் கிடக்கவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அதுவே உப்பிச் சாலையைத் தூக்கிவிடும்.

4. முதலில் மண் பரிசோதனை. மண்ணில் சல்ஃபேட் அதிகம் இருந்தால் சுண்ணாம்பே வினையாகி மண்ணை உப்பவைக்கும். பக்கத்தில் கிணறுகள் இருப்பதால் சாம்பலில் இருந்து என்ன கசிகிறது என்பதையும் சோதிக்க வேண்டும்.

5. இன்னொரு லோடு ஜல்லி வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்த மழைக்கு முன் மண் மாதிரி எடுக்க ஆள் அனுப்புமாறு மீண்டும் மீண்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். என்றைக்கு வருவார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், தோண்டிக் காட்ட நாங்கள் மண்வெட்டியோடு நிற்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பாக,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)