வெள்ளவத்தை வீட்டுக்கு எந்த வெளிச்சம்? தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

புதிய தொடர்மாடி வீட்டுக்கென்று நீ அனுப்பிய மின்குமிழ்ப் பட்டியலைப் பார்த்தேன். வரவேற்பறை தொடங்கி சுவாமி அறை வரை எல்லாவற்றுக்கும் 6500 கெல்வின் 'டே லைட்' என்றே எழுதியிருக்கிறாய். கொழும்பில் பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். வெக்கையான ஊரில் வெள்ளை வெளிச்சம் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்றும், மஞ்சள் என்றாலே மங்கல் என்றும் நினைப்பதுதான் காரணம். ஒரே வாட் அளவுள்ள எல்ஈடி குமிழ்கள் எந்த நிறத்தில் எரிந்தாலும் அறைக்குள் விடும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். வெளிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்வது பெட்டியில் உள்ள லுமன். கெல்வின் அதன் நிறத்தை மட்டுமே சொல்கிறது.

இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவந்து, பின் மஞ்சளாகி, மேலும் சூடேறும்போது வெண்மையாவதிலிருந்து இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம்: எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். குத்துவிளக்கின் சுடர் 2000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. பழைய குண்டுக் குமிழ் 2700 அளவில். முகில் மூடிய பகல்வானம் 6500க்கு அருகில். ஆகவே உன் பட்டியலின்படி வீட்டில் இரவு பத்து மணிக்கும் பகல்தான் இருக்கும். அறையின் பெயரை விட்டுவிட்டு, அங்கே யார், எந்த நேரத்தில், என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்து வாங்கு.

முதலில் உன் தையல் இயந்திரம் இருக்கும் மூலை. வருமானம் அங்கிருந்து வருவதால் செலவையும் அங்கே செய். மஞ்சள் வெளிச்சத்தில் நீலக்கூறு குறைவு. அதனால் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகவே தெரியும். அங்கே 5000 கெல்வின் அளவிலான குமிழ் பொருந்தும். ஆனால் கெல்வின் மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவாய். வெள்ளை எல்ஈடி பெரும்பாலும் நீல ஒளி விடும் சில்லொன்றின்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிச் செய்யப்படுவது. அந்த நீல எல்ஈடியைக் கண்டுபிடித்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகைக் குமிழ்களில் மலிவானவற்றில் ஆழ்ந்த சிவப்பு போதாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்ற எண் உண்டு. உச்சம் 100, சாதாரணக் குமிழ் 80. நீ 90க்குக் குறையாமல் வாங்கு. அந்த எண்கூட எட்டு மென்னிற மாதிரிகளின் சராசரிதான். அடர்சிவப்பு அதில் சேராமல் ஆர்9 என்று தனியே அளக்கப்படுகிறது. கூறைச் சேலைக்கு ரவிக்கை தைக்கும் உனக்கு அதுவும் முக்கியம். எந்தக் குமிழ் வாங்கினாலும், வெவ்வேறு சாயம் தோய்த்த இரு துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் வேறுபடும் என்பதால், கடைசிப் பொருத்தத்தைப் பகலில் பல்கனியில் வைத்தே பார்.

குசினிக்கு 4000 கெல்வின் போதும். பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்பதால் அங்கே பகலிலும் விளக்குப் போடத்தான் வேண்டியிருக்கும்; மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் இடமென்பதால் அங்கும் சிஆர்ஐயைக் கவனி. கூரையில் மட்டும் விளக்கு இருந்தால் வெட்டும் பலகைமேல் உன் நிழலே விழும். மேல் அலுமாரியின் அடியில் ஒரு கீற்று விளக்குப் பூட்டச் சொல். குளியலறைக்கும் அதே 4000.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனின் மேசைக்கும் 4000 கெல்வின் விளக்கே சரி. நம் விழித்திரையில் பார்ப்பதற்கன்றி, பகலா இரவா என்று உடலுக்கு அறிவிப்பதற்கென்றே சில உயிரணுக்கள் உள்ளன. அவை 480 நானோமீற்றர் அளவிலான நீல ஒளிக்கு மிகுதியாக இணங்குவதால், இரவு நேரத்து வெள்ளை ஒளி தூக்கத்துக்கான மெலற்றோன் என்ற ஓமோனின் சுரப்பைக் குறைக்கிறது. எனவே படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது 2700 கெல்வின் விளக்குக்கு மாறட்டும். அதையும் கண்ணைக் கூசும்படி போட்டால் பயன் பாதியாகிவிடும். கையில் தொலைபேசி இருந்தால் என்ன விளக்குப் போட்டும் பயனில்லை என்பது உனக்கே தெரியும்.

மாமிக்கு மங்கலான மஞ்சள் விளக்குப் போதும் என்று நினைக்காதே. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்களவே. அவர் பத்திரிகை வாசிக்கும் கதிரைக்கருகில் 3000 கெல்வினில், லுமன் கூடிய, தாளின்மேல் நேராக விழும் நிலைவிளக்கு ஒன்று வை. சுவாமி அறையில் 2700. சுடருக்குப் பக்கத்தில் வெள்ளைக் குமிழ் எரிந்தால் சுடர் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும்.

வரவேற்பறைக்கு, சுவிட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூவண்ணக் குமிழை வாங்கலாம். விருந்தினர் இருக்கையில் மஞ்சள், வீடு கூட்டுகையில் வெள்ளை. ஒரே நேரத்தில் இரண்டு நிறங்களை ஒரே அறையில் எரியவிடாதே.

புறக்கோட்டைக்குப் போகுமுன் மின்வேலைக்காரரிடம் குமிழ் மாட்டும் பிடிகள் 'பின்' வகையா திருகு வகையா என்று கேட்டுக்கொள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல், வகைக்கொன்றாக வாங்கி, சுவருக்குப் பூச்சுப் பூசி முடிந்தபின் ஓர் இரவு எரியவிட்டுப் பார். இளம்பச்சைச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் எப்படித் தெரியும் என்பதைக் கடையில் நின்று சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்