அந்த 2 டாலர் போனது போனதுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சீட்டாட்டங்கள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன், ரம்மி பகுதி அருமை. ஆனால் போக்கர் பகுதியில் ஒரு வரி உறுத்தியது. ஸ்மால் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டிய இடத்தில், இருப்பவர் பாதிப் பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டார், அதனால் எந்தச் சீட்டு வந்தாலும் மீதியையும் கட்டி உள்ளே போகலாம், மலிவுதானே என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அந்த 'மலிவை' நம்பி நான் விட்ட பணத்தில் ஊரில் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சான் ஹோசே பக்கம் இருப்பவன். கலிபோர்னியாவில் சீட்டு கிளப்புகளுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு, ஹோல்டெம் ஆட்டத்துக்கு (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) 1987 முதல். டிவியில் காட்டுவது நோ லிமிட், ஒரே கையில் மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளுகிற ஆட்டம். நான் ஆடுவது லிமிட், 4-8 மேசை. முதல் இரண்டு சுற்றில் ஏற்றினால் 4 டாலர், அடுத்த இரண்டில் 8 டாலர், அவ்வளவுதான், கூடவும் முடியாது குறையவும் முடியாது. பட்டனுக்கு (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை, ஒவ்வொரு கைக்கும் ஒரு இடம் நகரும்) அடுத்து உட்கார்ந்திருப்பவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே 2 டாலர் வைக்க வேண்டும், அவருக்கு அடுத்தவர் 4, அது பெரிய பிளைண்ட். இந்த 2 டாலர்தான் ஸ்மால் பிளைண்ட்.

ஒன்பது பேர் மேசையில் மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கை ஓடும், அப்படியென்றால் மூன்று நான்கு தடவை இந்த இடம் நமக்கு வரும். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்க்காமலேயே எறிந்தால்கூட மணிக்கு ஏழெட்டு டாலர்தான் போகும். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு அதைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது! ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பவனைவிட மோசமாக ஆடியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? இந்த இடத்தில் நீண்ட கணக்கில் லாபம் பார்க்க யாராலும் முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம், 2 டாலரை 1 டாலராகவோ ஒன்றரையாகவோ குறைக்கத்தான் முடியும்.

எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு கை சொல்கிறேன். நான்கு பேர் ஆளுக்கு 4 டாலர் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள், என்னிடம் ராணியும் ஆறும், இரண்டும் வேறு வேறு சின்னம். "ரெண்டு டாலர்தானே" என்று தள்ளினேன். பிளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ராணி, ஒன்பது, நாலு. எனக்கு ஜோடி ராணி, சந்தோஷம் தாங்கவில்லை. 4 டாலர் கட்டினேன், இரண்டு பேர் கூட வந்தார்கள். அடுத்த சீட்டு மூன்று, 8 டாலர் கட்டினேன், ஒருவர் விடவில்லை. கடைசி சீட்டு இரண்டு, மறுபடி 8. அந்த மனிதர் அலட்டாமல் 8 டாலரைப் போட்டுவிட்டு ராணி, ஜாக்கைத் திருப்பிக் காட்டினார். அவருக்கும் ஜோடி ராணிதான், ஆனால் என் ஆறைவிட அவர் ஜாக் பெரிது. பிளைண்டை விடுங்கள், அதற்கு மேல் நானாகப் போட்டது 22 டாலர். ஒன்றும் கிடைக்காமல் போகிற கையில் 2 டாலரோடு தப்பித்துவிடலாம், இந்த மாதிரி அரைகுறையாகக் கிடைக்கிற கைதான் குடியைக் கெடுப்பது.

நம் ஊர் ரம்மிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கை சரியில்லை என்றால் 20 பாயிண்டோடு ஸ்கூட் விடுகிறோமா இல்லையா? ஒரு ரவுண்டு பார்ப்போமே என்று இருந்தால் 40, எதிராளி டிக்ளேர் செய்துவிட்டால் 80 வரை போகும். ரம்மியில் சட்டென்று ஸ்கூட் விடுகிற அதே ஆள் போக்கர் மேசைக்கு வந்ததும் 2 டாலருக்காகத் தொங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் இந்த இடம் இவ்வளவு மோசம்? பிளாப் வந்ததிலிருந்து கடைசிவரை முதலில் வாய் திறக்க வேண்டியவர் இவர்தான். மற்ற எல்லாரும் இவர் செய்வதைப் பார்த்துவிட்டுச் செய்வார்கள். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர் செபியஸ் என்ற நிரலை எழுதி, இரண்டே பேர் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்கு கிட்டத்தட்ட முழுத் தீர்வு கண்டுவிட்டதாக 2015 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். இருவர் ஆட்டத்தில் பட்டனும் ஸ்மால் பிளைண்டும் ஒரே ஆள்தான், பிளாப்புக்குப் பிறகு அவர் கடைசியாகப் பேசுவார். அங்கே ஸ்மால் பிளைண்ட்காரர்தான் ஜெயிக்கிறார்! ஒரு கைக்கு பெரிய பிளைண்டில் ஆயிரத்தில் 88 பங்கு அளவுக்கு, எங்கள் மேசைக் கணக்கில் சுமார் 35 சென்ட். நம் ஒன்பது பேர் மேசையில் நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். அந்த நாற்காலிதான் காரணம்.

மீதியைக் கட்டுவதா வேண்டாமா என்பது ஸ்மால் பிளைண்ட் பெரிய பிளைண்டில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது, கட்டுரையில் இதைத் தொடவே இல்லை. மூன்று பேர் ஏற்றாமல் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-8 மேசையில் நடுவில் 18 டாலர், நீங்கள் கட்ட வேண்டியது 2, ஒன்றுக்கு ஒன்பது. 15-30 மேசையில் பிளைண்டுகள் 10, 15. அங்கே 5 டாலர் கட்டினால் 70 டாலருக்கு ஆடலாம், ஒன்றுக்குப் பதினாலு, நிறையச் சீட்டுகளை ஆடலாம். 1, 3 என்று பிளைண்ட் வைக்கிற 3-6 மேசையிலோ 13 டாலருக்கு 2, அதாவது ஒன்றுக்கு ஆறரைதான். அங்கே கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சின்ன ஜோடி இருந்தால் பிளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு கிடைப்பது எட்டரைக்கு ஒரு தடவை, ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த சீட்டுகள் என்றாலும் சரி, இவற்றுக்குக் கூட்டம் இருந்தால் 2 டாலர் தகும். ராணி-ஆறு, ராஜா-ஏழு, ஏஸ்-ஐந்து போல வேறு வேறு சின்னத்தில் வருபவை இரண்டுமே பிளாப்பில் ஜோடி சேர்வது நூற்றுக்கு இரண்டு தடவைதான். ஒன்றுக்கு ஒன்பது என்று ஆசை காட்டினாலும் எறிந்துவிடுவதுதான் உத்தமம்.

யாராவது ஏற்றிவிட்டால் அந்தத் தள்ளுபடியும் காணாமல் போய்விடும். 6 டாலர் கட்டி 14 டாலருக்கு ஆட வேண்டும், அதுவும் எதிரில் நல்ல சீட்டு. சும்மா கால் செய்தால், அதாவது ஏற்றாமல் கேட்ட பணத்தை மட்டும் கட்டினால், பின்னால் இருக்கும் பெரிய பிளைண்ட்காரர் 4 டாலர் கட்டி 20 டாலருக்கு மலிவாக நுழைவார். அதனால் ஒன்று மறுபடி ஏற்றி அவரை வெளியே தள்ளுவது, இல்லை எறிவது. ஏற்றியவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள் என்றால் கணக்கு வேறு, அப்போது நடுத்தர ஜோடியோடு கால் செய்வதில் தப்பில்லை.

அப்புறம், எல்லாரும் எறிந்து இரண்டு பிளைண்டும் மட்டும் மிஞ்சினால்? நேரடி மேசைகளில் பக்கத்து ஆளிடம் "சாப்?" என்று கேட்டு, சரி என்றால் இருவரும் தங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நஷ்டம் பூஜ்யம், இதைவிட மலிவான வழி கிடையாது. கலிபோர்னியாவில் கிளப் சதவீதக் கமிஷன் எடுக்கக்கூடாது, முன்கூட்டியே அறிவித்த கட்டணம்தான், அதனால் நடுவில் இருக்கும் சின்னப் பணத்துக்குச் சண்டை போட்டு ஜெயித்தாலும் கட்டணம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் ஒன்று, சாப் என்றால் எப்போதும் சாப். இரண்டு ஏஸ் வந்த அன்று மட்டும் "இன்றைக்கு ஆடலாமே" என்று இழுத்தால் அந்த மேசையில் அப்புறம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் போனில் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் தடைச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சான் ஹோசே